பாலத்தில் வைக்காத கால்

ஆற்றின் குறுக்கே பழைய கல்பாலம் ஒன்று. பரிசல்காரி பூவாயி கல் சுமந்து கட்டியது என்பது ஊர்ப்பேச்சு. பாலத்து நடுவில் நின்று யார் பொய் சொன்னாலும், பூவாயி காலைப் பிடித்து ஆற்றுக்குள் இழுத்துவிடுவாளாம்.

அந்தப் பாலத்தையும், பரிசலில் கல் ஏற்றிவரும் பூவாயியையும் செப்புத் தகட்டில் ஊசியால் கீறிக்கொண்டிருந்தாள் உலகம்மை. மை தடவி அச்செடுத்தால் திருவிழாவில் விற்கலாம். அதுதான் அவள் பிழைப்பு. பல்லக்கில் வந்து இறங்கிய ஜமீன்தார் தகட்டை எட்டிப் பார்த்தார்.

“எதுக்கு இந்தப் பரிசல்காரி? அவளை எடுத்துட்டு எங்க முப்பாட்டனாரைப் போடு. பாலத்தைக் கட்டினது அவர்தான். மாட்டேன்னா ஊரைக் காலி பண்ணு.”

“போட்டுடலாம் எசமான்” என்றாள் உலகம்மை. “அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு அவர் ஜாடையாமே. பாலத்து நடுவுல நின்னு, ‘இது எங்க முப்பாட்டனார் கட்டினது’ன்னு ஒரு தடவை சொல்லுங்க. அந்தக் களையோட அப்படியே கீறிடறேன்.”

ஊரே கரையில் கூடிவிட்டது. ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு போய், முதல் கல்லில் வைக்கக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்கவில்லை. கண் மட்டும் தண்ணீரையே பார்த்தது.

“வெயில் ஜாஸ்தியா இருக்கே” என்றார்.

“குடை பிடிக்கச் சொல்றேன், எசமான்.”

“தலை சுத்துது.”

“நாலு பேர் தாங்கிப் பிடிச்சுக்குவாங்க. நீங்க வாயைத் திறந்தாப் போதும்.”

ஜமீன்தார் பல்லக்கைக் கூப்பிட்டார். முப்பாட்டனார் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

உலகம்மை சொன்ன சொல் தவறவில்லை. படத்தில் ஜமீன்தார் முகத்தையும் போட்டாள். பூவாயி பரிசலில் கல் ஏற்றிப் போகிறாள். கரையில் ஒரு மீசைக்காரர், தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், இன்னும் ஒற்றைக் காலில் நிற்கிறார்.