மருதாயி வளர்த்த பெட்டி

வேங்கைப்பாறைக் காட்டில் மருதாயி என்று ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, இருந்தாள். உடம்பெல்லாம் செதில். பார்த்தால் முரடு மாதிரி தெரியும். உள்ளுக்குள்ளோ வெறும் வெண்ணெய்! ஒரு கறையானைத் தின்பதற்கு முன்னால்கூட, "பாவம், பிள்ளைகுட்டிக்காரன்" என்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் நாக்கை நீட்டுவாள்.

அந்தக் காட்டில் அவளுக்குப் பெரிய பொறுப்பு ஒன்று இருந்தது. ஆற்றங்கரையில் மேல்பாறை, நடுப்பாறை, பள்ளப்பாறை என்று மூன்று பாறைகள். ஒவ்வொரு பாறையின் இடுக்கிலும் சர்வர் என்ற ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அந்தப் பக்கத்துக்கு வெள்ளம் வரும் என்று தெரிந்தால் சர்வர் உடனே சங்கு ஊதும். பள்ளப்பாறைச் சங்கு கேட்டால், தாழ்வான நிலத்தில் வளை தோண்டியிருக்கும் முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடும். மூன்று சர்வரையும் கவனித்துக்கொள்வது மருதாயியின் வேலை.

சர்வர் ஒன்று திடீரென்று கெட்டுப்போனால் என்ன செய்வது? புதுசு ஒன்றை வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் அமைக்க ஒரு வாரம் பிடிக்கும். ஆறு அதுவரைக்கும் பொறுத்திருக்குமா? அதனால் மருதாயி, செய்ய வேண்டியதையெல்லாம் சர்வருக்கு வரிவரியாகச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அதைத் தன் பொந்திலிருந்து அனுப்பினால் போதும். வெறும் சர்வர் தானாகவே எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டு சங்கு ஊதத் தயாராகிவிடும்.

எழுதினால் மட்டும் ஆயிற்றா? சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் இமேஜ். இமேஜ் என்பது ஓர் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சர்வர் எப்படி இருக்குமோ அப்படியே அதில் பதிந்திருக்கும். அந்த அச்சிலிருந்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மாதிரி சர்வரை நொடியில் வார்த்து எடுக்கலாம். அதற்குக் கன்டெய்னர் என்று பெயர். அதில் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தாயிற்றா? தூக்கிப் போட்டுவிட வேண்டும். அடுத்த தடவைக்குப் புதுசாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

மருதாயிக்கு எல்லாம் வந்தது. தூக்கிப் போடத்தான் மனசு வரவில்லை.

முதல் நாள் எடுத்த கன்டெய்னருக்கு அவள் 'செல்லக்கண்ணு' என்று பெயர் வைத்துவிட்டாள்! அன்றைக்கு ஸ்கிரிப்டை ஓட்டியபோது, சங்கு புரோகிராம் பாதியில் நின்றது. தண்ணீர் அளவை எழுதி வைக்க அதற்கு ஒரு ஃபோல்டர் தேவை. அந்த ஃபோல்டர் அங்கே இல்லை.

"ஐயோ, இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே? இந்தா ராசா!" என்று மருதாயி கன்டெய்னருக்குள் நுழைந்து, தன் கையாலேயே ஒரு ஃபோல்டரை உண்டாக்கிக் கொடுத்தாள். புரோகிராம் ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. வந்த சந்தோஷத்தில், ஃபோல்டர் உண்டாக்கும் வரியை ஸ்கிரிப்டில் எழுத மறந்தே போனாள்.

அதற்குப் பிறகு நாற்பது நாள். தினமும் காலையில் அதே செல்லக்கண்ணுவில் ஸ்கிரிப்டை ஓட்டுவாள். தினமும் பச்சை.

"பார்த்தியா என் தங்கத்தை! ஒரு நாளாவது என்னைக் கலங்க வச்சிருக்கா?"

பக்கத்து மரத்தில் கொண்டையன் என்ற மரங்கொத்தி இருந்தான். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டான். அவனுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுங்க!"

"உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? முதல் நாள்ல இருந்து என்கூட இருக்குடா!"

"அதனாலதான் சொல்றேன். நாற்பது நாளா அதுக்குள்ள என்னென்ன பண்ணி வச்சிருக்கீங்களோ! பாறையில வைக்கப்போற சர்வர் வெறும் பெட்டியாத்தானே வரும்? சோதனையும் வெறும் பெட்டியிலதானே பண்ணணும்?"

"போடா! மரத்தைக் கொத்திக் கொத்தி உனக்கு மூளை கலங்கிப்போச்சு!"

கொண்டையன் தலையில் அடித்துக்கொண்டு பறந்துபோனான்.

ஐப்பசி பிறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முற்பகலில் பள்ளப்பாறைமேல் பளீரென்று ஓர் இடி விழுந்தது. அங்கிருந்த சர்வர் கருகிப்போனது.

மருதாயி பதறவில்லை. மாற்று சர்வர் ஒன்று கைவசம் இருந்தது. காட்டிலிருந்த கரடி ஒன்று அதைத் தோளில் சுமந்துகொண்டு போய்ப் பாறை இடுக்கில் வைத்துவிட்டு வந்தது. மருதாயி தன் பொந்தில் உட்கார்ந்தபடியே ஸ்கிரிப்டை அனுப்பினாள்.

பதில் வந்தது. சிவப்பு!

"என்னது? செல்லக்கண்ணுவில இன்னைக்குக் காலையிலகூடப் பச்சைதானே?"

மறுபடி அனுப்பினாள். மறுபடியும் சிவப்பு. மழைக்கு நடுவில் சிக்னல் நூல் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. பச்சையா சிவப்பா என்பது மட்டும் வந்ததே தவிர, என்ன கோளாறு என்ற விவரம் வந்து சேரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேல்பாறையில் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் நடுப்பாறையிலும் ஊதியது. வெள்ளம் இறங்கி வருகிறது! பள்ளத்தைத் தொட இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"தம்பி கொண்டையா, ஓடுடா! பேச்சிகிட்டப் போய்ச் சொல்லு!"

பேச்சி, பள்ளத்தில் வளை தோண்டியிருந்த முயல். பிள்ளை பெற்று மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. நாலு குட்டிகள். கொண்டையன் கொட்டுகிற மழையில் பறந்தான். கொஞ்ச நேரத்தில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான்.

"வர மாட்டேங்குது அக்கா! 'மேலே ஊதினா ஊதட்டும், பாதி நாள் தண்ணி நடுவழியிலேயே வடிஞ்சிடும். இந்த மழையில வெளியே தூக்கிட்டுப் போனா என் குட்டிங்க விறைச்சே செத்துடும். பள்ளப்பாறைச் சங்கு கெட்டிருந்தாலும் மருதாயி சித்தி உடனே சரி பண்ணிடுவாங்க. நிஜமாவே தண்ணி வந்தா அவங்க ஊதாம இருப்பாங்களா'ன்னு கேக்குது!"

மருதாயி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இப்படி நம்பிக்கொண்டிருக்கிறாளே! இந்த நம்பிக்கையே அந்த நாலு பிஞ்சுகளுக்கும் எமனாகிவிடும் போலிருக்கிறதே!

"செல்லக்கண்ணு, நீ சொல்லுடா! உன்கிட்ட இருக்கிறது எதுடா அங்க இல்லை?" என்று அவள் கன்டெய்னருக்குள் புகுந்து தேடினாள். நாற்பது நாள் நோண்டி வைத்த குப்பை. எது ஸ்கிரிப்ட் செய்தது, எது அவள் கை செய்தது என்று அவளுக்கே புரியவில்லை.

"புதுசா ஒண்ணு எடுங்க அக்கா!" என்று கத்தினான் கொண்டையன்.

"எடுத்துடுவேன்டா. ஆனா இந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்குத்தானே இடம்? புதுசை எடுக்கணும்னா இதை அழிக்கணும்."

கொண்டையனுக்கும் அந்த நேரத்தில் பாவமாகத்தான் இருந்தது.

மருதாயி கண்ணை மூடிக்கொண்டாள். வளைக்குள் கண் திறக்காமல் கிடக்கும் நாலு குட்டிகளை நினைத்தாள். "போயிட்டு வா ராசா" என்று சொல்லி அழித்துவிட்டாள். கன்னத்தில் தண்ணீர் கோடாக இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. அச்சிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்து, ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

சிவப்பு! பள்ளப்பாறை சர்வர் சொன்ன அதே சிவப்பு. ஆனால் இது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் விவரமும் சொன்னது: 'ஃபோல்டர் இல்லை.'

"அட பாவி!" என்று மருதாயி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். "முதல் நாள் நான் கையால செஞ்சு குடுத்தேனேடா! ஸ்கிரிப்டுல எழுதவே இல்லையே!"

"சரி, இதுக்குள்ள ஒரு ஃபோல்டர் போட்டுப் பாருங்க, சீக்கிரம்!" என்றான் கொண்டையன். பதற்றத்தில் அவனே தடுமாறிவிட்டான்.

"மாட்டேன்! மறுபடி அதே தப்பைச் செய்யச் சொல்றியா?"

விடுபட்ட வரியை ஸ்கிரிப்டில் எழுதினாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எடுத்த கன்டெய்னரை, இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அழித்தாள். இன்னொன்று எடுத்தாள். ஓட்டினாள். பச்சை! அப்புறம்தான் பள்ளப்பாறைக்கு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. மழை கொட்டியது. சிக்னல் போய்ப் போய் வந்தது. மருதாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கொண்டையன் கிளையில் இங்கும் அங்கும் குதித்தான்.

பச்சை!

அடுத்த கணம் பள்ளப்பாறைச் சங்கு காடே அதிரும்படி ஊதியது.

பேச்சி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். ஒன்றைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். அடுத்ததைக் கவ்வினாள். நாலாவது குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறும்போது, வளை வாசலில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு நுழைந்தது.

மருதாயியின் பொந்தில்தான் அன்றைக்கு எல்லோருக்கும் இடம். குட்டிகள் காய்ந்த சருகுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கின. நடந்ததையெல்லாம் கொண்டையன் பேச்சிக்குச் சொல்லிவிட்டிருந்தான்.

"எங்களுக்காக உங்க செல்லத்தை அழிச்சிட்டீங்களாமே சித்தி. மனசு கஷ்டமா இருக்கா?"

"இருக்குடி. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நாற்பது நாளா அது என்கிட்ட 'எல்லாம் சரி, எல்லாம் சரி'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. நான் கையால போட்ட ஒட்டுவேலையை என்கிட்டயே காட்டிச்சு, நானும் மயங்கிட்டேன். எடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகாத புதுசுதான், முகத்துக்கு நேரா 'நீ எழுதினது தப்பு'ன்னு சொல்லுச்சு. அது மட்டும் சொல்லலைன்னா..."

மருதாயி சருகை விலக்கி, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நாலும் கதகதப்பாக இருந்தன.

நம் தவறுகளை மறைத்து நம்மை மகிழ்விக்கும் பழைய சோதனையை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதித்துப் பார்ப்பவரின் வேலைதான் ஆபத்து வேளையில் பிறர் உயிரைக் காக்கும்.