பிஸ்கட் சுட்ட மணல்

"மண்ணு என்னை ஏமாத்திட்டுது அம்மா," என்றார் வேதமாணிக்கம்.

தபித்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மலையடிவாரத்து ஜெபவீட்டில் அவள் தனியாக இருந்தாள். மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். சிலர் அதற்காகவே மறுபடியும் வந்தார்கள். சிலர் அதற்காகவே வராமல் நின்றுபோனார்கள்.

வேதமாணிக்கத்துக்கு அவள் அப்பாவின் வயது இருக்கும். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவளும் அண்ணாச்சி என்பாள்.

அன்று மலையைக் காணவில்லை. மேகம் இறங்கிவந்து ஜெபவீட்டு வேலியில் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மாடு மணி ஆட்டியது. மாடு தெரியவில்லை.

அவர் தன் கதையைச் சொன்னார். போன வருஷம் ஆடியில் அவர் மனைவி சிரோன்மணி இறந்துபோனாள். கொல்லையில் செங்கல் கட்டி ஒரு கீரைப்பாத்தி போட்டுத் தாருங்கள் என்று அவள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவரும் பல வருஷமாக நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் போனபிறகுதான் அந்த நாளை வந்தது.

பாத்தியை நன்றாகவே கட்டியிருந்தார். அடியில் சருகு, அதற்குமேல் செம்மண், அதற்குமேல் மக்கிய சாணம். காலால் மிதிக்காமல் கையெட்டும் அகலத்துக்கு. சிரோன்மணி ஒரு மாத்திரை டப்பாவில் சிவப்புத் தண்டுக்கீரை விதை சேர்த்து வைத்திருந்தாள். அதை முழுவதும் விதைத்தார். நாள் போனதே தவிர ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை.

"அவ கையால உதிர்த்த விதை. இனி அது கிடையாது," என்றார்.

விதையை எப்படித் தூவினீர்கள் என்று தபித்தாள் கேட்டாள்.

சிரோன்மணி செய்கிற மாதிரியேதான் என்றார். கீரை விதை கண்ணுக்குத் தெரியாத பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். காய்ந்த மணலில் கலந்துதான் தூவ வேண்டும்.

"எந்த மணல்?"

"பிஸ்கட் சட்டி மணல்."

அவள் கை நின்றது.

அவர் விளக்கினார். வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிரோன்மணி வெண்ணெய் பிஸ்கட் சுடுவாள். அடுப்பின்மேல் பெரிய சட்டி, சட்டிக்குள் சலித்த மணல், மணலில் தட்டு, மூடியின்மேல் நெருப்புக் கங்கு. அவள் இறந்த வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை. இந்த வருஷமும் வேண்டாம் என்றுதான் இருந்தார். ஆனால் அந்த வாசனை வீட்டில் ஒருதடவை வந்தால் போதும் என்று தோன்றியது. சுட்டார். வாசனை வந்தது. அந்த வாசனை இருக்கும்போதே விதையையும் போட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தட்டை எடுத்த கையோடு...

"மணல் சூடா இருந்துச்சா அண்ணாச்சி?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். விதையையும் மணலையும் கரண்டியால் கலந்தது ஞாபகம் வந்தது. ஏன் கரண்டி எடுத்தோம் என்பதும் ஞாபகம் வந்தது.

வேதமாணிக்கம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மண் பேரில் பழி போட வந்தவர், பாவம், வேறு யார் பேரிலும் போட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

தபித்தாள் கீரையை முறத்தோடு தள்ளிவைத்துவிட்டு, "அந்த பிஸ்கட்டெல்லாம் என்ன செஞ்சீங்க?" என்றாள்.

வீட்டில் டின்னில் இருக்கிறது என்றார்.

"வாங்க, பாப்போம்."

இருவரும் மேகத்துக்குள் நடந்தார்கள். பாதை முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்து, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது.

வீட்டில் அவள் பாத்தியை எட்டிப் பார்த்தாள். செங்கல் வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. நல்ல பாத்தி என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய் டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். கடிபடவில்லை.

"சப்பாத்திக்குப் பிசையுத மாதிரி பிசைஞ்சுட்டீங்க. கதவு ஆடினா அடியில முட்டுக் கொடுக்கலாம்."

அழுத முகத்தோடே அவருக்குச் சிரிப்பு வந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தூக்குவாளி, ஒரு எனாமல் கிண்ணம், ஒரு பித்தளைப் போணி இருந்தன. எதுவும் ஒன்றுக்கொன்று சேர்த்தி இல்லை. யாருடையது என்று கேட்டாள்.

சிரோன்மணி இறந்த வாரத்தில் தெருக்காரர்கள் கஞ்சியும் காப்பியும் கொண்டுவந்த பாத்திரங்கள் என்றார். தூக்குவாளி எதிர்வீட்டுப் பேச்சியம்மாளுடையது.

"ஏன் திருப்பிக் கொடுக்கல?"

"வெறும் பாத்திரமா எப்படிம்மா கொடுக்க? அவ இருந்தா ஏதாவது போட்டுக் கொடுப்பா."

தபித்தாள் ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சுடுங்க," என்றாள்.

அவள் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. வெண்ணெயையும் சீனியையும் அவர்தான் தேய்த்தார். ஏலக்காய் தட்டிப் போட்டு, மாவைக் கொட்டினார். பிசையப் போன கையை அவள் ஒரு பார்வை பார்த்தாள். கை தயங்கியது. விரல்நுனியால் மாவை ஒன்றுசேர்த்துமட்டும் விட்டார். டானிக் குப்பியின் மூடியால் வட்டம் வெட்டினார். சிரோன்மணி வெட்டுவதும் அதே மூடியால்தான்.

சட்டி மூடியில் கங்கு சிவந்தது. ஜன்னலில் மேகம் வந்து நின்றது. வாசனை முதலில் அடுக்களையில் இருந்தது, பிறகு கூடத்தில், பிறகு வீடு எங்கே முடிகிறது என்று தெரியாத ஓர் இடத்தில். வேதமாணிக்கம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். யாரோ தட்டை வெளியே எடுத்து, முதல் பிஸ்கட்டை ஊதிஊதி அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். உடைந்திருந்தது. அவருக்கு எப்போதும் உடைந்ததுதான் கிடைக்கும். முழுசெல்லாம் தெருவுக்கு.

கண் திறந்தபோது உள்ளங்கை காலியாக இருந்தது. பிஸ்கட் பதமாகச் சிவந்திருந்தது.

அவர் பாத்திரங்களை நிரப்பி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

எனாமல் கிண்ணத்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். போணிக்காரர், இது எங்கே போச்சு என்று நாங்கள் தேடவே இல்லை என்று அழகாகப் பொய் சொன்னார்.

பேச்சியம்மாள் தூக்குவாளியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். வாளியோடு உள்ளே போனாள். வேதமாணிக்கம் திரும்பி நடந்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க."

அவள் கையில் ஒரு சின்ன சில்வர் சம்புடம். அதன் அடியில் சிரோன்மணியின் பேர் வெட்டியிருந்தது.

"மதினி கடைசியா சுட்ட பிஸ்கட் இதுலதான் வந்துச்சு. வெறுமனே எப்படிக் கொடுக்கன்னு நானும் வச்சிருந்துட்டேன்."

சம்புடம் லேசாகக் கனத்தது. திறந்தார். கறுப்பாக, மினுமினுவென்று, நுண்ணிய விதை.

"மதினி கொடுத்த சிவப்புத் தண்டுதான். வருஷம் தவறாம போடுதேன். உங்க கொல்லையில பாத்தி கட்டியிருக்கதப் பாத்தேன்."

வேதமாணிக்கம் மூடியை அழுத்தி மூடினார். சம்புடத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தபித்தாள் அடுக்களையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சம்புடத்தைக் காட்டினார். அவள் பிஸ்கட் சட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

அவர் மணலுக்குள் கைவிட்டுப் பார்த்தார். இன்னும் சுட்டது. கையை எடுத்துக்கொண்டார். சட்டியின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வெளியே மேகம் விலகி, மலை தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் மறுபடி கைவிட்டுப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

சாயங்காலம் விதைத்து முடித்தார். தபித்தாள் கிளம்பினாள்.

அவர் அவளை நிறுத்தி, அதே சம்புடத்தில் பிஸ்கட்டை அடுக்கினார். மேலே ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை விதை வைத்து மூடிக் கொடுத்தார்.

அவள் சம்புடத்தைத் திருப்பி, அடியில் வெட்டியிருந்த பேரைப் பார்த்தாள். இதை எப்போது கொண்டுவந்து தரட்டும் என்று கேட்டாள்.

"மெதுவா தாங்கம்மா," என்றார் வேதமாணிக்கம். "எங்க வீட்டுப் பாத்திரம் ஒண்ணு எப்பவும் வெளிய இருக்கட்டும்."