தோலுக்கு ரோஷம் வந்த நாள்

அந்தக் காலத்தில் ஆமைக்கும் நாரைக்கும் மட்டுமல்ல, மனிதர்களின் தோலுக்கும்கூடப் பேச்சு இருந்தது. அதிகம் பேசாது. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் உடம்பைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடக்கும். தோலைப் போலச் சாதுவான ஒன்று அப்போது உலகத்திலேயே கிடையாது. முள் கிழித்தாலும் சரி, அரிவாள் பட்டாலும் சரி, நாலைந்து நாளில் ஆறிவிடும். ஆறிய இடத்தில் ஒரு தழும்புகூட இருக்காது. பச்சை குத்தினாலும் அப்படித்தான். மையைக் குடித்துக்கொண்டு வழவழவென்று ஆகிவிடும். தடவினால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. பிறக்கும்போதே இருந்த மச்சம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

தோலின் இந்தச் சாதுத்தனத்தை வைத்துத்தான் பெருங்கண்டன் பெரிய ஆளானான்.

கடலோரத்தில் அவனுக்கு உப்பளம் இருந்தது. கண்ணுக்கு எட்டின தூரம்வரை பாத்திகள். நாற்பது பெண்கள் அதில் இறங்கி உப்பு வாரினார்கள். வெயில் தலையைப் பிளக்கும், உப்புத் தண்ணீர் காலைத் தின்னும். யார் நிற்பார்கள் அங்கே? வாய்ப்புக் கிடைத்தவர்கள் எல்லாம் பக்கத்து ஊருக்கு ஓடினார்கள். பெருங்கண்டன் யோசித்தான். பச்சை குத்தும் கருத்தாயியைக் கூப்பிட்டு, அளத்தில் வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணின் இடது தோள்பட்டையிலும் ஒரு கொக்கி குத்தச் சொன்னான். கொக்கிதான் அவனுடைய அடையாளம். அவன் வண்டியிலும் அதுதான், மாட்டின் தொடையிலும் அதுதான்.

முதலில், "இவர்கள் என்னுடைய ஆட்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சில வருடங்கள் போனதும் பேச்சை மாற்றினான். "நான் எங்கே குத்தினேன்? தடவிப் பாருங்கள். இவர்கள் கொக்கியோடு பிறந்தவர்கள். என் அளத்துக்கென்றே படைக்கப்பட்டவர்கள்" என்றான். ஆரம்பத்தில் கேட்டவர்கள் சிரித்தார்கள். பத்து வருடம் கழித்து ஒருவரும் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி சடச்சி. பஞ்சத்தில் ஊரே சிதறிப்போனபோது வயிற்றில் பிள்ளையோடு தனியாக அளத்துக்கு வந்தவள். அவள் யார், எங்கே பிறந்தாள் என்று சொல்ல ஒரு ஆள் மிச்சமில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் மகள் செவந்தி மட்டும்தான். செவந்திக்கு ஏழு வயது ஆன அன்று, அளத்துக் கங்காணி பாத்தி வரப்பில் வந்து நின்றான்.

"நாளைக்கு உன் மகளைக் கருத்தாயி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாதாக்கும்? எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கிறதுதானே?"

சடச்சி கையிலிருந்த, உப்பு வாரும் பலகையைப் பார்த்தாள். அதை உப்புக் குவியலின்மேல் எறிந்தாள். செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில், மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்க்க, வரப்பின்மேல் ஏறி நடந்தாள். ஓடவில்லை. நடந்தாள்.

கழிமுகத்தைத் தாண்டுவதற்குள் பெருங்கண்டனின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் அவளை மண்ணில் அமுக்கினார்கள். அவள் போட்ட சத்தத்தில் நாரைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. சேற்றில் படுத்திருந்த கிழட்டு ஆமை தலையை வெளியே நீட்டியது. அந்தக் கரையில் வழக்கு வந்தால் தீர்த்து வைப்பது அந்த ஆமைதான். மனிதர்களும் அதன் சொல்லை மீற மாட்டார்கள்.

"விடுங்கடா அவளை. காலையில ரெண்டு பக்கமும் வந்து சொல்லுங்க. கேக்கிறேன்" என்றது ஆமை.

மறுநாள் காலையில் கழிமுகத்தில் ஊர் கூடியது. அளத்துப் பெண்களும் வந்து ஒரு ஓரமாக நின்றார்கள். பெருங்கண்டன் வெள்ளை வேட்டியில், எண்ணெய் தடவிய தலையோடு வந்தான்.

"ஆமையாரே, இதிலே விசாரிக்க என்ன இருக்கு? கன்னுக்குட்டி வேலி தாண்டிப் போனா பிடிச்சுக் கட்டுறது இல்லையா? அவ தோளைப் பாருங்க. என் கொக்கி. பிறவியிலேயே வந்தது."

"பொய்!" என்று கத்தினாள் சடச்சி. "என்னை அமுக்கிப் பிடிச்சுக் குத்தினது! ஏழெட்டு வருசத்துக்கு முன்னால, செவந்தி என் வயித்துல இருந்தப்போ! குத்தினவ இங்கேதான் நிக்கிறா. கேளுங்க!"

எல்லோரும் கருத்தாயியைப் பார்த்தார்கள். கருத்தாயி பெருங்கண்டனைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"நான் குத்தலை ஆமையாரே. அவ வரும்போதே அது இருந்துச்சு."

சடச்சி அவள் பக்கம் திரும்பினாள். குத்திய அன்று, "என்னை மன்னிச்சிரு தாயி" என்று அழுதுகொண்டே ஊசியை இறக்கியவள் அவள்.

ஆமை மெதுவாக ஊர்ந்து வந்தது. அதற்குக் கண் மங்கிப் பல காலம் ஆயிற்று. சடச்சி முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஆமை அவள் தோள்பட்டையில் தன் தாடையை வைத்து மேலும் கீழும் உரசிப் பார்த்தது.

"வழவழன்னு இருக்கு. காயம் பட்டதா ஒண்ணும் தெரியலையே. சரி, தோலையே கேப்போம். ஏ தோலே, உன்மேல இதை யாராவது குத்தினாங்களா?"

தோல் சாவதானமாகப் பதில் சொன்னது. "எனக்கு ஞாபகம் இல்லை. ஆறின காயத்தை நான் மனசுல வச்சுக்கிறது இல்லை."

பெருங்கண்டன் வாய்விட்டுச் சிரித்தான். அவனைப் பார்த்துக் கங்காணி சிரித்தான். கங்காணியைப் பார்த்து ஊர் சிரித்தது.

ஆமை மட்டும் சிரிக்கவில்லை. "கடல்தண்ணி ஓதம் ஏறி வர்றவரைக்கும் நேரம் தாரேன். அதுக்குள்ள ஒரு சாட்சியைக் கொண்டு வா. இல்லைன்னா உன்னையும் உன் மகளையும் அவன்கிட்ட ஒப்படைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

சடச்சி எழுந்தாள். செவந்தியை மற்றப் பெண்களிடம் விட்டுவிட்டு நேராக அளத்துக்குப் போனாள். உப்புத் தண்ணீர் தேக்கி வைத்திருக்கும் பெரிய குழியில் இடுப்பளவு இறங்கி நின்றாள். அங்கே நின்று தன் தோலோடு சண்டை பிடித்தாள்.

"ஞாபகம் இல்லையா உனக்கு? ஞாபகம் இல்லையா?"

"கோபப்படாதே சடச்சி. குத்தினா மையைக் குடிக்கிறேன். கிழிஞ்சா ஒட்டிக்கிறேன். ஆறினா சமமாகிறேன். என் வேலை அவ்வளவுதான்."

"என்னை நாலு பேர் குப்புறத் தள்ளினாங்க. ஒருத்தன் என் முதுகுல முழங்காலை வச்சு அழுத்தினான். வயித்துல பிள்ளைன்னு கெஞ்சினேன். அவன் இன்னும் அழுத்தினான். மூணு ஊசியைச் சேர்த்துக் கட்டி உன்மேல இறக்கினாங்க. எத்தனை குத்துன்னு எண்ண முடியலை. மண்ணைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ரத்தம் காயிறதுக்குள்ள இந்தக் குழியில இறக்கி வேலை வாங்கினாங்க. உப்புத் தண்ணி பட்டதும் நீ துடிச்சியே, அது உனக்கு ஞாபகம் இல்லை?"

சடச்சி தோளில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

"அன்னைக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு. நானும் கத்தினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கத்தினோம். அஞ்சாம் நாள் தடவிப் பார்க்கிறேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி இழைச்ச பலகையாட்டம் கிடக்கிறே. என்ன பிறவி நீ? உனக்கு ரோஷமே கிடையாதா? நீ மறந்து மறந்துதான் அவன் என்னைக் கன்னுக்குட்டிங்கிறான். நாளைக்கு என் பிள்ளையைக் குப்புறத் தள்ளுவான். அதையும் அஞ்சு நாள்ல மறந்துருவியா?"

அவள் குனிந்து, குழியின் அடியிலிருந்து ஒரு கை கல்லுப்பை அள்ளினாள். தோள்பட்டையில் வைத்துத் தேய்த்தாள். தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. இன்னொரு கை அள்ளினாள்.

"நிறுத்து!" என்று அலறியது தோல். "நிறுத்து, நிறுத்து! ஞாபகம் வருது!"

சடச்சி கையை எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

தோலின் குரல் மாறியிருந்தது. "அந்த முழங்கால் ஞாபகம் வருது. மூணு ஊசியும் ஞாபகம் வருது. சடச்சி, எனக்கு உடம்பெல்லாம் எரியுது. எந்திரிக்கணும் போல இருக்கு."

"எந்திரி."

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நான் இதுவரைக்கும் கோபப்பட்டதே இல்லை. பட்டா அளவு தெரியாது. கொக்கி மட்டும் எந்திரிக்கும்னு நினைக்காதே. ஊசி பட்ட இடமெல்லாம் எந்திரிப்பேன். உன் முன்கையில ஒரு மயில் இருக்கே."

சடச்சி கையைத் திருப்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் ஆசையாகக் குத்திக்கொண்ட மயில் அது. வலிக்குமே என்று அவள் புருசன் குத்தி முடிக்கும்வரை அவள் மறு கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிச் சிரிக்க வைத்தான். பஞ்சத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது அவன்தான். அவனுடையது என்று அவளிடம் மிஞ்சியது அந்த மயில் ஒன்றுதான். இரவில் அதன் தோகையைத் தடவிக்கொண்டுதான் தூங்குவாள்.

"அதை விட்டுரேன்" என்றாள்.

"பிரிச்சுப் பார்க்க எனக்குத் தெரியாது. எந்திரிச்சா எல்லாம் எந்திரிக்கும். இல்லைன்னா சும்மா கிடப்பேன். சொல்லு."

தூரத்தில் ஓதம் ஏறும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சடச்சி மயிலை ஒருமுறை தடவினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"எந்திரி."

தோல் எழுந்தது. தோள்பட்டையில் கொக்கியின் கோடு ஒவ்வொன்றும் புடைத்து, தடித்து, முறுக்கிய கயிறுபோல மேலே வந்தது. முன்கையில் மயிலும் விறைத்து நின்றது. அதன் கழுத்து கோணிப்போயிற்று. தோகைப் புள்ளிகள் கொப்புளம்போல முட்டின. சடச்சி அதைப் பார்க்கவில்லை. குழியிலிருந்து ஏறி, சொட்டச் சொட்டக் கழிமுகத்துக்கு வந்தாள்.

"சாட்சி வந்திருக்கு" என்று ஆமையின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஆமை தாடையை வைத்தது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டது. மறுபடியும் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிதானமாக உரசிக்கொண்டே போனது.

"இது என்ன?"

பெருங்கண்டன் முந்திக்கொண்டான். "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும் ஆமையாரே. அளத்துல பூச்சிக்கா பஞ்சம்?"

"பூச்சி கடிச்சா கண்ட இடத்துல தடிக்கும். இது உன் கொக்கியை அப்படியே பார்த்துப் பார்த்துத் தடிச்சிருக்கே. உன் பேச்சைக் கேக்கிற பூச்சி எதையாவது வளர்க்கிறியோ?"

பெருங்கண்டன் வாயைத் திறந்தான். அதற்குள் தோல் பேசியது. இந்தத் தடவை சாவதானமாக இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

"குத்தினாங்க! நாலு பேர் பிடிச்சாங்க! எனக்கு ஞாபகம் இருக்கு!"

அதைக் கேட்டதும் ஓரமாக நின்ற முப்பத்தொன்பது பெண்களின் தோள்களும் எரியத் தொடங்கின. ஒருத்தி, "அம்மா!" என்று தோளைப் பிடித்தாள். அடுத்தவள் பிடித்தாள். ஒவ்வொருத்தியின் கொக்கியும் எழுந்து நின்றது. "எனக்கும் ஞாபகம் இருக்கு!" "எனக்கும்!" என்று தோல்கள் கூக்குரல் போட்டன. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். இத்தனை வருடமாகத் தாங்களே பாதி நம்பிவிட்டிருந்த பொய் அவர்கள் கையில் தட்டுப்பட்டது.

ஆமை தீர்ப்புச் சொன்னது. "கூடப் பிறந்தது இப்படி எழும்பாது. வெளியிலிருந்து வந்தது இது. இவங்க யாரும் உன் ஆள் இல்லை பெருங்கண்டா. போக விடு."

பெருங்கண்டன் விட்டானா விடவில்லையா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. பெண்கள் அவனை நோக்கி நடந்தார்கள். கங்காணிதான் முதலில் ஓடினான். வெள்ளை வேட்டி சேற்றில் புரளப் பெருங்கண்டன் அவன் பின்னால் ஓடினான். அந்த வருடம் உப்பு வார ஆள் இல்லை. மழை வந்து பாத்தியில் கிடந்த உப்பையெல்லாம் கரைத்து, வந்த இடத்துக்கே கொண்டுபோயிற்று.

கருத்தாயி, செவந்தியோடு புறப்பட்ட சடச்சியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தாள்.

"தாயி, நான் பயந்துட்டேன். மனசுல வச்சுக்காதே."

சடச்சி திரும்பி, கோணிப்போன மயிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வச்சுக்குவேன்" என்றாள். "இனிமே என் தோல்கூட மறக்காது. நான் மறப்பேனா?"

போய்விட்டாள். அந்தக் கரைக்கு அவள் மறுபடி வரவே இல்லை. மயில் அவள் சாகும்வரை சமமாகவில்லை. வெயில் கடுமையாக அடித்தால் அரிக்கும்; அவள் பொறுக்கமாட்டாமல் அதைத் திட்டுவாள். "நீதானே எந்திரிக்கச் சொன்னே?" என்று தோலும் திருப்பித் திட்டும். காலம் போகப் போக மற்ற உயிர்களைப் போலவே தோலும் பேச்சை இழந்தது. ரோஷத்தை மட்டும் விடவில்லை.

அந்த நாளிலிருந்துதான், ஆசையாகக் குத்தியதா அமுக்கிக் குத்தியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத தோல், ஊசி பட்டதும் சிலரிடம் பேசாமல் மையைக் குடித்துச் சமமாகிறது. சிலரிடம், பச்சை ஆறி எத்தனை வருடம் ஆனாலும், கோபம் ஆறாமல் தடித்து நிற்கிறது.