மீன்கொத்தி தைத்த தூளி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் நீலாம்பரி என்ற மீன்கொத்தி வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்குள் இரண்டு குஞ்சுகள். எதிரே புங்கமரத்தில் பொடிச்சி என்ற தையல்சிட்டு இருந்தது. அந்தக் காட்டில் எல்லோரிடமும் செல்போன் உண்டு. பறவைக்கு எதற்குச் செல்போன் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்!

செல்போனில் ‘அரைகுறைத் தையல்’ என்று ஒரு குழு நடந்தது. முடித்த வேலைக்கு அங்கே இடமில்லை. பாதியில் நிற்பதைப் படம் எடுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் பார்த்துத் தப்பிருந்தால் சொல்வார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. குளம் நிரம்பினால் வளை மூழ்கிவிடும். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. மரக்கிளையில் ஒரு தூளி கட்டினால்தான் அவை பிழைக்கும். நீலாம்பரி தேக்கிலைகளைக் கொண்டுவந்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தைக்க உட்கார்ந்தது.

பாதித் தூளியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டது. மூன்றே மூன்று லைக்! போதாததற்குக் குளத்து ஆமை வேறு, “ஓரத்துல தையல் சுருங்கி நிக்குது தாயி, பிரிச்சுப் போடு” என்று எழுதியது.

அன்றே பொடிச்சியும் தன் கூட்டைப் போட்டது. இரண்டு இலைகள், குறுக்கே நீளநீளமாகச் சிவப்பு நூல். அவ்வளவுதான். குழுவே குதித்தது. முப்பத்தெட்டு லைக்!

நீலாம்பரிக்கு வயிறு பற்றி எரிந்தது. “ஊசி மாதிரி அலகு எனக்கு. பாராட்டு அந்தச் சுண்டைக்காய்க்கா? அவளுக்கு முன்னால நான் முடிச்சுக் காட்டலேன்னா பாரு!” என்று கத்தியது. பொடிச்சியின் படத்தை மட்டும் சேமித்துக்கொண்டு, குழுவை விட்டு வெளியேறியது.

மறுநாள் பொடிச்சி இரண்டாவது படம் போட்டது. இலைகளின் ஓரத்தில் பொடிப்பொடியாக இறுக்கமான தையல் ஏறியிருந்தது. சிவப்பு நூலைப் பொடிச்சி உருவிக்கொண்டிருந்தது. இலை நகராமல் இருப்பதற்காகத் தற்காலிகமாகப் போட்ட நூல் அது. ஒரு தும்மலைக்கூடத் தாங்காது. குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். வெளியேறிய நீலாம்பரிக்கு யார் சொல்வது?

அது தான் சேமித்த முதல் படத்தைப் பார்த்து அச்சு அசலாகச் சிவப்பு நூலை ஓட்டியது. இரண்டே நாளில் தூளி தயார்! படம் எடுத்து, “முடிச்சாச்சு! பார்க்கிறவங்க பார்த்துக்கலாம்!” என்று ஸ்டேட்டஸ் வைத்தது.

அடுத்த நொடியே பொடிச்சியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“வந்துட்டா வயித்தெரிச்சல்காரி!” என்று சிரித்தது நீலாம்பரி. செய்தியைத் திறந்துகூடப் பார்க்காமல் பொடிச்சியைப் பிளாக் செய்தது.

மழை கொட்டத் தொடங்கியது. வளைக்குள் தண்ணீர் ஏறியது. நீலாம்பரி குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்த் தூளியில் வைத்தது.

அப்போது பொடிச்சி மழையில் நனைந்தபடி பறந்து வந்தது. “அக்கா! அதுல வைக்காதீங்க! எடுத்துடுங்க அக்கா!”

“ஏன், உன் கூட்டை விட நல்லா இருக்குன்னு பொறுக்கலையா?”

நீலாம்பரி கேட்டு முடிப்பதற்குள் சிவப்பு நூல் அறுந்தது. இலைகள் விரிந்தன. இரண்டு குஞ்சுகளும் குளத்தில் விழுந்தன.

நீலாம்பரி அலறிக்கொண்டு பாய்ந்தது. நல்லவேளை, அடியில் ஆமை இருந்தது. மூழ்கவிருந்த குஞ்சுகளை முதுகில் ஏந்திக் கரைசேர்த்தது. ஆனால் சின்னக் குஞ்சு விழும்போது பாறையில் அடிபட்டிருந்தது. அதன் ஒரு சிறகு மடங்கிக் கிடந்தது.

பொடிச்சி ஓடிவந்து குஞ்சுகளைத் தன் உடம்போடு அணைத்துச் சூடேற்றியது. நீலாம்பரி செல்போனைத் திறந்து அந்தச் செய்தியைப் படித்தது.

“அக்கா, சிவப்பு நூல் தாங்காது. குஞ்சுகளை வைக்காதீங்க. நான் வந்து தைச்சுத் தரேன்.”

“என்னைப் பழிச்சு எழுதியிருப்பேன்னு நெனச்சேன்டி!” என்று நீலாம்பரி தேம்பித் தேம்பி அழுதது.

பொடிச்சி அன்றே புதுத் தூளி தைத்துக் கொடுத்தது. மழை விட்டது. பெரிய குஞ்சு வளர்ந்து குளத்தின் மேல் பறந்தது. சின்னக் குஞ்சு கரையிலேயே நின்று அண்ணன் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தவருக்குக் கிடைத்த பாராட்டைக் கண்டு வயிறெரிகிறவருக்கு, அந்த அடுத்தவர் சொல்லும் நல்ல வார்த்தைகூடக் காதில் ஏறாது.