கட்டைவிரலுக்குப் போன சுமைகாரி

சடசட, சடசடன்னு தன்னைப் பின்னிப் போட்ட பட்டறைச் சத்தம், ரொம்ப நாள் ஆகியும் ஆவுடை காதுல இருந்துச்சு.

யார் ஆவுடையா? ஒரு ஊர்ல ஒரு சுமைகாரி, அவதான். எந்த ஊரா? உன் கால் நரம்புக்குள்ளதான். கண்ணுக்கே தெரியாத பொடிசு. ரெண்டே பாதம், தலைக்கு மேல மலை மாதிரி மூட்டை. முதுகுத்தண்டுல ஏத்திவிட்டா கட்டைவிரல் நுனி வரைக்கும் நடக்கணும். மூட்டை போய்ச் சேரலன்னா விரல் மரத்துப் போயிடும். இறக்கி வெச்சதும் முதுகுத்தண்டுக்கே ஊர் திரும்பிடலாம்னு நெனச்சுத்தான் அவ கெளம்பினா. ம் சொல்லு.

ஒரு பாதம் எடுத்தா மத்தது பாதையைக் கவ்விக்கணும். ரெண்டையும் விட்டா நரம்புக்குள்ள இருக்கிற தண்ணி அடிச்சுட்டுப் போயிடும். ஒவ்வொரு எட்டு வைக்கவும் தெம்புக்கு ஒரு சத்துமணி வாயில போடணும். டப்... டப்... டப்...

அப்போ நடுப்பாதையில பிசின் மாதிரி ஒருத்தன் ஒட்டிக் கெடந்தான். நகரச் சொன்னா நகரல. பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்கிப் போனா. அப்புறம் சத்துமணி தீந்து போச்சு. மணி வர்ற வரைக்கும் பாதையைக் கவ்வினபடியே நின்னா. அப்புறம் எதிர்ல, முதுகுத்தண்டைப் பாத்து மேல போற மாசாணம்னு ஒரு சுமைகாரன், அவ மூட்டையையே பிடிச்சு வெடுக்குன்னு பின்னால இழுத்தான். இவ இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். கடைசியில அவன் கைதான் வழுக்குச்சு.

ஒரு வழியா போய்ச் சேந்தா. அன்னிக்கு நீ கால்விரலால பென்சிலை எடுத்தியே, அது அவ கொண்டாந்த மூட்டைதான். உங்கம்மா என்ன சொன்னா? என் புள்ளைக்கு என்ன மூளைன்னா. மூளையாம். நடந்தது யாரு?

தூங்கிட்டியா? ம் சொல்லிட்டே, சரி.

அப்புறம் ஆவுடை திரும்பிப் பாத்தா, பாதம் திரும்பல. அவ ஜாதிப் பாதத்துக்குக் கீழ போகத்தான் தெரியும். கீழ வர்ற வேறொரு மூட்டையில தொத்தி வந்து, மறுபடி குப்பை ஏத்திக்கிட்டிருந்த மாசாணத்துக்கிட்ட போனா.

"அண்ணே, மேலதான போறீங்க. என்னையும் ஏத்திக்கங்க."

"பழசுக்கும் குப்பைக்கும்தான் இடம். நடக்கிற ஆளை ஏத்துறது வழக்கமில்ல தாயி."

"அப்போ நான் குப்பையைவிட மட்டமாண்ணே?"

அவன் குப்பையைத் தூக்கிக்கிட்டு மேல போயிட்டான். குப்பைக்கு ஊர் திரும்ப ஆள் உண்டு, சுமந்து வந்தவளுக்குக் கெடையாது. எவன் போட்ட வழக்கம்டா இது? எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

சரி, கதை அவ்வளவுதான், கண்ணை மூடிக்கோ. ஆவுடையா? வேலை முடிஞ்சவளை வெச்சுக்கிறதில்லன்னு, அவளை அந்த விரல் நுனியிலயே பழசைப் பிரிக்கிற ஆளுங்க துண்டு துண்டாப் பிரிச்சுப் போட்டுட்டாங்க.