தேர்தலுக்குப் போய்க் கெட்டுப்போன துப்பாக்கி

மலையடிவாரத்திலேயே குறி தப்பாத துப்பாக்கி சீனிராசுவுடையது. இதை எல்லோருக்கும் சொன்னவரும் சீனிராசுதான். அந்தப் பேச்சை நம்பித்தான் மக்காச்சோளக் காட்டின் காவல் பரணை ஊர் அவரிடம் கொடுத்திருந்தது. பரண்மேல் இருக்கும்வரை அவர் வேட்டைக்காரர். கீழே இறங்கினால் வெறும் சீனி.

இந்த வருஷம் வெடிச்சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் எந்தக் காட்டுப்பன்றிக்கும் ஒரு மயிர்கூடக் கலையவில்லை. குருவம்மாவின் சோளத்தில் பாதி போய்விட்டது. பரணை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், விவசாய சங்கத் தலைவர் தங்கமாயன் காலையிலேயே களத்தில் கூட்டம் போட்டுவிட்டார். பரண் கைவிட்டுப் போகும்போல் இருந்தது. அப்படி ஓர் ஆபத்து வந்தால் சீனிராசுவுக்கு வாய் நன்றாக ஓடும்.

கோளாறு துப்பாக்கியில் இல்லை, தேர்தலில் என்று ஆரம்பித்தார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? இவருடையதையும் வாங்கி ஒரு மூலையில் சாத்தினார்கள். பக்கத்தில் யாரோ ஒரு பேங்க் காவலாளியின் துப்பாக்கி. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட வெடிக்காதது. ஓட்டு எண்ணி முடிக்கும்வரை இரண்டும் தோளோடு தோள் சாய்ந்து கிடந்ததில், சும்மா இருக்கிற சுகம் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

"சேர்க்கை சரியில்ல தலைவரே," என்றார். "வீட்டுக்குக் கொண்டாந்து சுவத்துல மாட்டுனா, கொட்டாவி விடுது."

களமே சிரித்தது. பன்றி மென்று துப்பிய கதிர்களை முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குருவம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனாலும் சீனிராசு துப்பாக்கியைக் கைவிடவில்லையாம். முதலில் கட்டையையும் குழலையும் சேர்க்கிற திருகைப் பார்த்தார். லூசாக இருந்தது. முறுக்கினார். அவர் கைப்பலம் அவருக்கே தெரியாது. குழல் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்துவிட்டது. அன்றைக்குச் சுட்ட குண்டு மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து பரண் ஏணியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

அந்தக் குண்டு எங்கே என்று குருவம்மா கேட்டாள்.

"ஏன் வீணாக்கணும்னு திரும்பப் போட்டுச் சுட்டுட்டேன் மதினி."

பிறகு குழலை நிமிர்த்தி, உள்ளே அழுக்கு அடைத்திருக்குமோ என்று துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்தார். கரி வந்தது. இன்னும் இழுத்தார், தேனடை வந்தது. இன்னும் இழுத்தார், ஒரு கீரிப்பிள்ளை குடும்பத்தோடு வெளியே வந்து, காலி பண்ணச் சொல்வதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா என்பதுபோல் முறைத்துவிட்டுப் போனது.

மிச்சமிருந்தது குறி பார்க்க மேலே மாட்டியிருந்த டெலஸ்கோப். அதைச் சரிபார்க்க அசையாத பொருளாகப் பார்த்துச் சுட வேண்டும். ஊரில் எது அசையாமல் நிற்கிறது? பௌர்ணமியன்று நிலாவையே குறிவைத்தார்.

"நிலாவுக்குள்ள முயல் இருக்குல்ல? ராத்திரி பாருங்க. எடது காது இருக்காது."

தங்கமாயன் தன்னையறியாமல் அண்ணாந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. முயலின் காதையே எடுத்த துப்பாக்கி பன்றிக்கு மட்டும் ஏன் தப்புகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

சீனிராசு துண்டை உதறித் தோளில் போட்டார். பன்றி ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது, நிலாத் தூரம் பழகிய துப்பாக்கிக்கு அது சரிப்படவில்லை என்றார்.

குருவம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பரண் கொழுந்தனாருக்கே இருக்கட்டும் தலைவரே."

சீனிராசுவின் நெஞ்சு நிமிர்ந்தது.

"இவரு எந்த எடத்தைக் குறி பாக்குறாரோ, அங்கதான் பன்னியெல்லாம் வந்து படுக்குது. குட்டிகளக்கூட அங்கதான் விட்டுட்டு மேயப் போகுது. இந்தக் காட்டுல அதவிடப் பத்திரமான எடம் கெடையாதுன்னு அதுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால வேட்டைக்காரரு இனிமே என் சோளத்தப் பாத்துச் சுட வேணாம். எதிர்த்தாப்புல இருக்கிற வெறும் பாறைக் கரட்டப் பாத்துச் சுடட்டும். எல்லாம் அங்க குடிபோயிரும்."

தங்கமாயன் சீனிராசுவைப் பார்த்தார். சீனிராசு கண்ணைச் சுருக்கிக் கரட்டைப் பார்த்தார்.

கரட்டில் மேற்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா என்று கேட்டார்.