குடை ராஜாவுக்கு, சாவி கொம்பையனுக்கு

ஒரே ஒரு ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். வீடு நிறையக் குதிர். அறுப்பு முடிந்ததும் ஊரார் நெல்லை அவளிடம் போட்டு வைப்பார்கள், வேண்டும்போது வாங்கிக்கொள்வார்கள். சும்மா கிடக்கிற நெல்லை விதைக்குக் கடன் கொடுப்பாள், விளைந்ததும் கொஞ்சம் கூட்டி வாங்குவாள். அவ்வளவுதான் தொழில். எலி தின்னாதா என்று கேட்காதீர்கள். பூனை இருந்தது.

எதிர்த்தெருவில் வேலப்பன். அதே தொழில். ராஜாவுக்கு மச்சினன் வேறு. ஊர் நெல் முழுக்கத் தன்னிடமே வரட்டும் என்று சந்தையில் போய், "ஒச்சாயி குதிர் காலியாமே" என்றான்.

வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். "என் நெல்லைக் கொடுடி!" அளந்தாள், அளந்தாள், அளந்துகொண்டே இருந்தாள். குதிர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

"மிச்சம் வயல்ல பயிரா நிக்குதுய்யா. அறுப்பு வரைக்கும் பொறுங்க."

"பயிரையா பொங்கித் திங்க?"

கேட்ட நெல்லைப் பொழுது சாய்வதற்குள் அளக்காவிட்டால் கதவைப் பிடுங்கிவிட்டு ஊரைவிட்டே துரத்துவார்கள். அந்த ஊர் வழக்கம் அது. ஒச்சாயி முந்தானையைச் செருகிக்கொண்டு அரண்மனைக் களஞ்சியத்துக்கு ஓடினாள். ஊர்க் குதிர்களுக்கு மூச்சு முட்டினால் நெல் கொடுக்கத்தான் அந்தக் களஞ்சியம். காவல் கொம்பையன்.

அவள் போய் நின்றால், பின்னாலேயே வேலப்பனும் இரைக்க இரைக்க ஓடி வருகிறான். பயந்த கூட்டம் ஒரு வீட்டோடு நிற்குமா? ஒச்சாயி குதிர் காலி என்றால் இவன் குதிர் மட்டும் என்னவாம் என்று அங்கேயும் போய்விட்டது. கூடவே ராஜாவும் குடையோடு வந்துவிட்டார்.

"கொம்பையா, முதல்ல என் மச்சினனுக்கு அள்ளிப் போடு."

"முடியாது, மகாராஜா."

"நான் ராஜாடா!"

"குடை உங்களுது. சாவி என்னுது. உங்க பாட்டனார் வச்ச ஏற்பாடு. கிழக்குச் சீமையில சாவி ராஜா கையில. நினைச்சப்பல்லாம் அள்ளினாரு. இப்ப ராணி கிழங்கு தோண்டுறாங்க. மேற்குச் சீமையில ஒரே கதவுக்கு மூணு சாவி, மூணு பேரு. மூணு பேரும் தலையாட்டினாத்தான் திறக்கும். இங்க நான் ஒருத்தன். ஆட்ட மாட்டேன்."

ராஜா தன் ராணியை நினைத்துப் பார்த்தார். குடையோடு ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"ஒச்சாயி, உன் நெல் எங்க?" என்றார் கொம்பையன்.

"வயல்ல."

கொம்பையன் குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கதிர் பால் பிடித்து நின்றது.

"தர்றேன். அறுப்பு முடிஞ்சதும் பத்து மூட்டைக்குப் பதினொண்ணா வரணும்."

"பத்தேகாலா வச்சுக்கக் கூடாதா?"

"மலிவாக் கொடுத்தா நாளைக்கும் வருவே. வேலப்பா, உன் நெல்?"

"அது... தேரா இருக்கு."

"தேரா?"

"நெல்லை வித்துச் செஞ்சது. வெள்ளிக் கலசம் வச்ச தேர். அறுக்க முடியாது. ஆனா ஓடும்."

"ஓட்டிக்கிட்டுப் போ."

வண்டி வண்டியாக வந்த நெல்லை ஒச்சாயி உள்ளே கொட்டவில்லை. நடுத்தெருவில் குவித்தாள். ஒருவன் பார்த்தான். "அட, இருக்கே!" இன்னொருவன், "இருந்தா நான் எதுக்குச் சுமக்கணும்?" என்று வெறுஞ்சாக்கோடு திரும்பினான். காலையில் அதிகம் கத்தினவன் மூட்டையோடு வந்து நின்றான்.

"ஆத்தா, இதைத் திருப்பிப் போட்டுக்க."

"காலையில என்னமோ 'டி'ன்னியே?"

"சேச்சே, ஆத்தான்னுதான் சொன்னேன்!"

"இன்னொரு தரம் சொல்லு."

"ஆத்தா."

"போடு மூட்டையை."

எதிர்த்தெருவில் பொழுது சாய்ந்தது. வேலப்பன் கதவு போயிற்று. தேரை விற்று ஊராருக்கு நெல் அளந்தார்கள். "நான் ராஜா மச்சினன்!" என்றான். "அதனால என்ன? நட" என்றார்கள்.

புரளி கிளப்பினவன் நடையைக் கட்டினான், பயிர் வைத்திருந்தவள் குடியிருந்தாள், கதை குதிருக்குள் போய்விட்டது. மூடி போட்டாயிற்று. படுங்கள்.